லண்டன் "கேஃப்"ல மலிவா பிரிட்டிஷ் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்க வர்ற தம்பிங்க, புதுசா வேலைக்கு வந்து இறங்குறவங்க, பேரப்புள்ளையப் பாக்க ஊர்லேந்து வர்ற அங்கிள் ஆன்ட்டிங்க, எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே மாதிரிதான் இருக்கு: இந்த ஊர்க்காரன் சாப்பாட்ட ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பாக்கணும், பர்ஸும் காலியாகக் கூடாது, எங்க போறது? ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப் போய் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் சமையல்காரன் கிடையாது. வந்த புதுசுல கிழக்கு லண்டன்ல ஒரு பார்சல் குடோன்ல நைட் ஷிஃப்ட் பாத்தேன், காலைல ஆறரைக்கு வெளிய வந்தா அந்தக் குளிர்ல தொறந்திருந்த ஒரே கதவு கேஃப் கதவுதான், அப்படிப் பழகுனது.

கேள்வி: "கேஃப்"னா என்ன, காபி ஷாப்தானே?

இல்லங்க. எழுதுறது கஃபேன்னுதான், ஆனா லண்டன் உழைப்பாளி ஜனங்க வாயில அது "கேஃப்"னுதான் வரும். காபி ஷாப்ல லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு கப்ப மூணு மணி நேரம் உறிஞ்சலாம், இங்க அது நடக்காது, சிமெண்ட் படிஞ்ச பூட்ஸோட ஒருத்தர் உங்க சீட்டுக்காக நின்னுக்கிட்டு இருப்பாரு. காலைல ஆறு ஏழு மணிக்குத் தொறப்பாங்க, மதியம் மூணு நாலு மணியானா நாற்காலியத் தூக்கி மேஜை மேல கவுக்க ஆரம்பிச்சுடுவாங்க. ஃபார்மைக்கா மேஜை, தரையோட சேத்து போல்ட் போட்ட நாற்காலி, சுவத்துல மெனு போர்டு, கல்லாவுக்குப் பின்னாடி புஸ்ஸுபுஸ்ஸுன்னு ஆவி விடுற டீ பாய்லர், அவ்வளவுதான் அலங்காரம். "க்ரீஸி ஸ்பூன்"னு ஒரு பட்டப்பேரு உண்டு, பிசுக்கு ஒட்டுன கரண்டின்னு அர்த்தம். இப்ப அதைப் பாசமாத்தான் சொல்றாங்க, ஆனாலும் ஓனர் காதுல விழுற மாதிரி சொல்லாதீங்க.

கேள்வி: பிரிட்டிஷ் சாப்பாடு சப்புனு இருக்குமே, அதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், ஒரு ஆறு மாசம். அப்புறம் கூட வேலை பாத்த ஒரு வயசான போர்க்லிஃப்ட் டிரைவர் நான் முட்டைய அப்படியே வெறும்னு முழுங்குறதப் பாத்துட்டு "என்னப்பா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி சாப்பிடுற"ன்னு சொல்லி என் தட்டு மேல மிளகுத்தூளக் கொட்டி, ஓரத்துல பிரவுன் சாஸ ஊத்தி, பீன்ஸ் மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுக் குடுத்தாரு. அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நம்ம சமையல்ல காரம் புளி உப்பு எல்லாம் அடுப்பிலயே முடிஞ்சு தட்டுக்கு வருது, இங்க பாதி சமையல்தான் அடுப்புல நடக்குது, மீதிப் பாதி மேஜையில, அத நீங்கதான் செய்யணும். மேஜையில உப்பு, வெள்ளை மிளகுத்தூள், மால்ட் வினிகர், கெட்சப், பிரவுன் சாஸ், கடுகு விழுது எல்லாம் அழகுக்கு வைக்கல. இந்த ஊர்க் கடுகு விழுத ஒரு தடவ நாக்குல வச்சுப் பாருங்க, மூக்கு வழியா உச்சந்தலைக்கு ஏறும், அப்புறம் சப்புனு இருக்குன்னு சொல்ல மாட்டீங்க.

பிரவுன் சாஸப் பத்தி ஒரு விஷயம். எச்பி சாஸ்னு பாட்டில்ல பார்லிமெண்ட் படம் போட்டிருக்கும், நாட்டிங்காம்ல ஃப்ரெடரிக் கிப்சன் கார்ட்டன்னு ஒரு மளிகைக்கடைக்காரர் உண்டாக்கி 1895ல பேரப் பதிவு பண்ணது. பின்பக்க லேபிளப் படிச்சா தக்காளி, மால்ட் வினிகர், பேரீச்சம்பழம், அதோட புளி! நம்ம சமோசாவுக்குக் குடுக்குற இனிப்புச் சட்னிக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரி ஒரு ருசி வரும், அதான் காரணம். வினிகர்க் கம்பெனிக்காரனுக்கு கார்ட்டன் பாக்கி வச்சிருந்தாரு, 150 பவுண்டும் அந்தப் பாக்கித் தள்ளுபடியும் வாங்கிக்கிட்டு பேரையும் ரெசிப்பியையும் குடுத்துட்டாரு பாவம். ரொம்ப காலம் பர்மிங்காம்ல ஆஸ்டன்ல தயாரிச்சாங்க, 2007ல அந்த ஃபேக்டரிய மூடி நெதர்லாந்துக்குக் கொண்டு போயிட்டாங்க, பார்லிமெண்ட் படம் மட்டும் அப்படியே இருக்கு.

கேள்வி: உள்ள போனதும் என்ன பண்ணணும்? யாரும் கூப்பிட மாட்டேங்குறாங்களே?

நெறைய இடத்துல நேரா கல்லாவுக்குப் போய் சொல்லி, காசு குடுத்து, டீய அங்கேயே கையில வாங்கிக்கிட்டு போய் உக்காரணும், தட்டு பின்னாடி வரும். சில இடத்துல உக்காந்தா வந்து கேப்பாங்க. எதுன்னு தெரியலன்னா வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு முன்னாடி போறவர் என்ன பண்றாருன்னு பாருங்க, அதான் எல்லாத்தையும் விட நல்ல வழி. கூட்ட நேரத்துல ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடி மேஜை பிடிச்சு வைக்கிறது சில கடைல ஆகாது. பிம்லிகோல ரீஜென்சி கஃபேன்னு 1946லேந்து நடக்குற கடை இருக்கு, அங்க தட்டு ரெடியானா கல்லாவுலேந்து உங்க ஆர்டர ஒரு குரல் விட்டுக் கூப்பிடுவாங்க பாருங்க, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் தோத்தாரு. நீங்க எழுந்து போய் வாங்கிக்கணும்.

மெனு போர்டுல "செட் 1, செட் 2"ன்னு நம்பர் போட்டிருக்கும். செட் நம்பரச் சொன்னா போதும். பீன்ஸ் வேணாம், அதுக்குப் பதிலா தக்காளி குடுங்கன்னு கேக்கலாம், தப்பில்ல. ஆனா பின்னாடி எட்டு பேரு நிக்கிறப்ப அஞ்சு மாத்தம் சொல்லாதீங்க.

கேள்வி: ஃபுல் இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட்ல என்னெல்லாம் வரும்?

பேக்கன், சாஸேஜ், முட்டை, பீன்ஸ், தக்காளி, காளான், டோஸ்ட். இது அடிப்படை. அதுக்கு மேல ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி.

பேக்கன்னா நம்ம ஊர் ஸ்டார் ஹோட்டல் பஃபேல பாத்த அந்த ஒல்லியான முறுமுறு பட்டை இல்ல, இங்க பன்னியோட முதுகுப் பக்கத்துலேந்து வெட்டுனது, அகலமா, சதையா, ஒரு ஓரத்துல கொழுப்பு. புகை போட்டது, போடாதது ரெண்டு வகை. சாஸேஜ் முழுக்க கறியா இருக்காது, ரஸ்க் தூள் கலந்துதான் செய்வாங்க, "போர்க் சாஸேஜ்"னு பேர் போடணும்னா 42 சதவீதமாவது பன்னிக்கறி இருக்கணும்னு சட்டம், மலிவான கேஃப்ல அந்த எல்லைக்குப் பக்கத்துலதான் இருக்கும்னு வச்சுக்கோங்க, ஆனா நல்லாப் பழுப்பா வறுத்துட்டா அந்த ரஸ்க் தூள்தான் ருசியே. பீன்ஸ்னு சொன்னதும் பச்ச பீன்ஸ நெனச்சுடாதீங்க, தக்காளி சாஸ்ல ஊறுன டின் பீன்ஸ், லேசா இனிக்கும், முதல் தடவ எல்லாரும் மூஞ்ச சுளிப்பாங்க. தனியா சாப்பிட்டா அப்படித்தான், டோஸ்ட்டத் தொட்டு முட்டை மஞ்சக்கருவோட சேத்து சாப்பிடுங்க.

பிளாக் புட்டிங்னா பன்னி ரத்தத்துல ஓட்ஸ், பார்லி, கொழுப்பு சேத்து சாஸேஜ் மாதிரி அடைச்சு, வட்டமா வெட்டி வறுத்தது. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளந்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல, மிளகு வாசனையோட நல்லாவே இருக்கும். எனக்கு ரொம்பப் புடிக்கும். கூட வேலை பாக்குற வெள்ளைக்காரப் பசங்கள்ல பாதிப் பேரு தொட மாட்டாங்க, அவங்க பங்கும் நமக்கு.

பபிள் அண்ட் ஸ்க்வீக்னு போர்டுல பாத்தா யோசிக்காம கேளுங்க. முந்தின நாள் மிஞ்சுன உருளைக்கிழங்கையும் முட்டைகோஸையும் மசிச்சு தோசைக்கல்லு மாதிரி இருக்குற இரும்புத் தகட்டுல போட்டு அடி கருகக் கருக வறுக்குறது. வாணலில வேகும்போது வர்ற கொப்புளச் சத்தமும் கீச்சுச் சத்தமும்தான் பேருக்குக் காரணம்னு சொல்வாங்க. பழைய சோத்துக்கும் மிச்சக் குழம்புக்கும் ஒரு மரியாதை உண்டுன்னு தெரிஞ்ச எந்த வீட்டு ஆளுக்கும் இது புரியும். பொரிச்ச ரொட்டின்னு ஒண்ணும் உண்டு, டோஸ்ட்டுக்குப் பதிலா ரொட்டிய பேக்கன் கொழுப்புலயே போட்டு எடுக்குறது, வருஷத்துக்கு ரெண்டு தடவ சாப்பிடலாம். ஹாஷ் பிரவுன்னா துருவுன உருளைய வறுத்தது, அமெரிக்காவுலேந்து வந்தது, அது இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட்ல சேருமா சேராதான்னு இந்த ஊர்க்காரங்க நம்மாளுங்க சாம்பார்ல வெல்லம் போடலாமான்னு சண்ட போடுற மாதிரி சண்ட போடுவாங்க, நான் அதுல தலையிடல.

கேள்வி: முட்டை எப்படி வேணும்னு கேட்டா என்ன சொல்றது?

பொரிச்சதுன்னா "ஃப்ரைடு", கலக்குனதுன்னா "ஸ்க்ராம்பிள்டு", தண்ணில உடைச்சு ஊத்துனதுன்னா "போச்டு". நம்ம வீட்டுல மாதிரி ரெண்டு பக்கமும் வேகணும்னா வாயத் தொறந்து சொல்லணும், இல்லன்னா மஞ்சக்கரு ஓடுற மாதிரிதான் வரும். அத ஒழுங்கா டோஸ்ட்டால துடைச்சு எடுக்குறதுதான் கலை.

கேள்வி: டீ நம்ம டீ மாதிரி இருக்குமா?

இருக்காது, ஆனா எதிர்பாத்தத விடப் பக்கத்துல இருக்கும். "பில்டர்ஸ் டீ"ன்னு சொல்வாங்க, கட்டட வேலைக்காரங்க டீ, கடுப்பா, செங்கல் நிறத்துல, பெரிய மக்குல. பாலக் காய்ச்சுறதெல்லாம் கிடையாது, கொதிக்கிற தண்ணில டீ இறக்கி மேல கொஞ்சம் பச்சப் பால். தூளு பெரும்பாலும் கென்யா, அஸ்ஸாம்லேந்து வர்ற குருணைத் தூள்தான், நம்ம ஊர் டஸ்ட் டீக்கு சொந்தக்காரன், அதனால நிறம் சட்டுனு இறங்கிடும். சக்கரை வேணும்னா "டூ ஷுகர்ஸ்"னு சொல்லிடுங்க. இன்னும் கடுப்பா வேணும்னா "ஸ்ட்ராங்"னு ஒரு வார்த்த போதும். இஞ்சி ஏலக்காய் எதிர்பாத்துப் போனா அது உங்க தப்பு. கேஃப்ல காபி மட்டும் கேக்காதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: எவ்வளவு ஆகும்? டிப்ஸ் வைக்கணுமா?

நான் எழுதுற இந்த நேரத்துல லண்டன்ல சாதாரண கேஃப்ல ஒரு செட் பிரேக்ஃபாஸ்ட் டீயோட சேத்து 8லேந்து 12 பவுண்டுக்குள்ள வரும், டோஸ்ட் மேல முட்டையோ பீன்ஸோ அதுல பாதி. ரூபாயா மாத்திப் பாத்தா நெஞ்சு வலிக்கும், அதனால மாத்தாதீங்க, இதே தட்டு ஹோட்டல் பஃபேல ரெண்டு மடங்கு. காலைல ஒன்பதரைக்கு முழு செட்ட உள்ள தள்ளிட்டா சாயங்காலம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது, அப்படிக் கணக்குப் போட்டா ஒரு வேளை சாப்பாட்டுக் காசுதான். டிப்ஸ் யாரும் எதிர்பாக்குறதில்ல, கல்லாப் பக்கம் ஒரு டப்பா இருந்தா சில்லறையப் போடுங்க. கார்டு இப்ப நெறைய இடத்துல எடுக்குறாங்க, எடுக்காத கடையும் இருக்கு, ஒரு இருபது பவுண்டு நோட்டு பையில இருக்கட்டும்.

இன்னொண்ணு, "உள்ள சாப்பிடுறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா"ன்னு கேக்குறது வெறும் பேச்சுக்கு இல்ல. உக்காந்து சாப்பிட்டா 20 சதவீத வரி உண்டு, பார்சல்ல சூடான சாப்பாட்டுக்கும் உண்டு, ஆறிப்போன சாண்ட்விச் மாதிரி ஐட்டத்தப் பார்சல் வாங்குனா கிடையாது. அதனாலதான் சில போர்டுல ஒரே சாண்ட்விச்சுக்கு ரெண்டு விலை எழுதியிருக்கும், ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க, நான் போயிருக்கேன்.

கேள்வி: நான் சைவம். என்னத்த சாப்பிடுறது?

"வெஜ்ஜி பிரேக்ஃபாஸ்ட்" இல்லாத கேஃப் இப்ப ரொம்பக் கம்மி. சைவ சாஸேஜ், முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட் எல்லாம் வரும். முட்டையும் கூடாதுன்னா அத விட்டுட்டு பபிளோ ஹாஷ் பிரவுனோ கேளுங்க. ஆனா ஒரே தகட்டுலதான் பேக்கனும் புரளும் உங்க காளானும் புரளும், அது மனசுக்கு ஒத்துக்காதுன்னா டின்லேந்து வர்ற பீன்ஸும் டோஸ்ட்டும்தான் பத்திரம். பொரிச்ச ரொட்டி வேணாம். சிப்ஸ (இங்க சிப்ஸ்னா நீளமா, தடியா வெட்டிப் பொரிச்ச உருளை) எந்த எண்ணெயில பொரிக்கிறாங்கன்னு கேளுங்க, லண்டன்ல பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், ஆனா வடக்க, குறிப்பா யார்க்ஷயர் பக்கம் மீன் சிப்ஸ் கடைங்கள்ல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, அதுல அவங்களுக்குப் பெருமையே உண்டு.

நெறைய பேரு தெரியாம மாட்டிக்கிறது இனிப்புலதான். ஜாம் ரோலி போலி, ஸ்பாட்டட் டிக் மாதிரியான ஆவில வேகவச்ச பழைய காலத்து புட்டிங்ல "சூயட்"னு ஒண்ணு சேக்குறது வழக்கம், அது மாட்டோட சிறுநீரகத்தச் சுத்தி இருக்குற கொழுப்பு. இப்ப தாவர சூயட்டும் வருது, எதுன்னு கேட்டாத்தான் தெரியும். எங்க அம்மா ஊர்லேந்து வந்தப்ப ஒரு கேஃப்ல ஜாம் ரோலி போலிய "கொழுக்கட்ட மாதிரி மெத்துனு இருக்குடா"ன்னு முழுசா சாப்பிட்டாங்க, நான் அப்புறமாத்தான் போய் கேட்டேன், பதில் வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அம்மாகிட்ட சொல்லல. இதப் படிக்கிற சொந்தக்காரங்க தயவுசெஞ்சு வாய மூடிக்கோங்க.

சைவத்துக்குக் கவலையில்லாத இனிப்புன்னா ஆப்பிள் கிரம்பிள், அதாவது ஆப்பிள் மேல மாவ உதுத்துப் போட்டு ஓவன்ல வச்சது, மேல சூடா கஸ்டர்டு. முட்டை சேராதான்னு கேப்பீங்க. 1837ல பர்மிங்காம்ல ஆல்ஃப்ரெட் பேர்டுன்னு ஒரு கெமிஸ்ட் தன்னோட மனைவிக்கு முட்டை ஒத்துக்கலன்னு சோளமாவுல கஸ்டர்டு பவுடர் கண்டுபிடிச்சாரு, மலிவான கேஃப்ல ஊத்துறது பெரும்பாலும் அந்த வகைப் பவுடர்தான். கிரம்பிள்ல வெண்ணெய் உண்டு, வீகன் ஆளுங்க கேட்டுக்கோங்க.

கேள்வி: ஹலால்?

லண்டன்ல இப்ப நெறைய கேஃப் துருக்கிக்காரங்க, சைப்ரஸ்காரங்க கையில இருக்கு. அதுக்காக எல்லாம் ஹலால்னு நெனச்சுடாதீங்க, பன்னி பேக்கனும் அங்கேயே போடுவாங்க. மாட்டு சாஸேஜ், வான்கோழி பேக்கன்னு தனியா போர்டுல போட்டு ஹலால்னு எழுதியிருக்குற கடை கிழக்கு லண்டன்ல தேடுனாக் கிடைக்கும்.

கேள்வி: காலைச் சாப்பாடு மட்டும்தானா? மதியம் போனா?

மதியம்தான் உண்மையான சமையல் நடக்குதுன்னு நான் சொல்வேன், சுற்றுலா வர்றவங்க யாரும் அத எட்டிப் பாக்குறதில்ல. ஈரல், பேக்கன், வெங்காயம் போட்ட கிரேவி, பக்கத்துல மசிச்ச உருளை. ஆட்டு ஈரல் நமக்குப் பழக்கம்தானே, இங்க அத மசாலா இல்லாம வெங்காயத்தோட இனிப்புலயே முடிச்சுடுவாங்க. ஷெப்பர்ட்ஸ் பைன்னா கொத்துன ஆட்டுக்கறி மேல மசிச்ச உருளைய மூடி ஓவன்ல வச்சது, மாட்டுக்கறின்னா அதுக்குப் பேரு காட்டேஜ் பை. ஸ்டேக் அண்ட் கிட்னி பைல மாவு ஓட்டுக்குள்ள மாட்டுக்கறியும் கிட்னியும் இருக்கும், பேருலயே இருக்கு, ஆனா "பை"ங்குற வார்த்தையப் பாத்து ஸ்வீட்டுன்னு வாங்குனவங்கள எனக்குத் தெரியும். டோட் இன் தி ஹோல்னா பொந்துக்குள்ள தேரைன்னு அர்த்தம், ஆனா தவளை எல்லாம் கிடையாது, உப்புன மாவுக்குள்ள சாஸேஜ்.

மஷ்ஷி பீஸ்னு பச்சையா கொழகொழன்னு ஒண்ணு வைப்பாங்க. காஞ்ச பட்டாணிய ராத்திரி ஊறவச்சு குழைய வேகவச்சது, அவ்வளவுதான். பாக்க பயமா இருக்கும். வினிகரும் மிளகும் போட்டா பீச்ல விக்கிற பட்டாணி சுண்டலோட சொந்தம் தெரியும்.

கேள்வி: பை அண்ட் மேஷ் கடைன்னு தனியா இருக்கே, அது என்ன?

அது கேஃப்புக்கும் மூத்தது, கிழக்கு, தெற்கு லண்டன் உழைப்பாளிகளோட சாப்பாடு. முன்னாடி தேம்ஸ்ல விலாங்கு மீன் மலிவாக் கிடைச்சுது, அத வச்சு பை செஞ்சாங்க, அப்புறம் கொத்துக்கறிக்கு மாறிட்டாங்க. தட்டோட ஓரத்துல மசிச்ச உருளைய ஒரே இழுப்பா இழுகி, பக்கத்துல பைய வச்சு, மேல பச்சையா ஒரு சாறு ஊத்துவாங்க, பேரு "லிக்கர்". சரக்கு கிடையாது, பார்ஸ்லி இலை போட்ட சாஸ், பழைய முறைல விலாங்கு வெந்த தண்ணில செய்வாங்க. கத்தி இல்லாம ஸ்பூனும் ஃபோர்க்கும் வச்சு சாப்பிடுறதுதான் பழைய வழக்கம். நமக்கு நல்ல செய்தி என்னன்னா மேஜையில மிளகா ஊறுன வினிகர் பாட்டில் இருக்கும், அத பையில ஒரு ஓட்டை போட்டு உள்ள விடுங்க.

டவர் பிரிட்ஜ் ரோட்டுல எம். மான்ஸ்னு ஒரு கடை, இத்தாலில ராவெல்லோ ஊர்லேந்து வந்த மிக்கேல் மான்ஸே 1902லேந்து நடத்துனது, பச்சையும் வெள்ளையுமா டைல்ஸ், மார்பிள் மேஜை, சர்ச் பெஞ்சு மாதிரி நீள மரப் பெஞ்சு. ஜெல்லி விலாங்கு ஒரு கிண்ணம் நான் வாங்கிப் பாத்தேன். ஒரு தடவ போதும். ஐரோப்பிய விலாங்கு இப்ப அழிவோட விளிம்புல இருக்குற இனம், அதனால மனசு சங்கடமும் இல்லாம விட்டுடலாம்.

கேள்வி: கண்டிப்பா பாக்க வேண்டிய கேஃப் எது?

ஒண்ணே ஒண்ணுதான் போக முடியும்னா பெத்னல் க்ரீன் ரோட்டுல இ. பெல்லிச்சி. 1900லேந்து ஒரே குடும்பம். "இ"ங்குறது எலிடேங்குற அம்மாவோட பேரு, கணவர் போன பிறகு கடைய நடத்துனவங்க. உள்ள சுவரு முழுக்க மரத்துல இழைச்ச வேலைப்பாடு, 1946ல அகீலே கபோச்சின்னு ஒரு தச்சர் செஞ்சது, 2005ல அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சுட்டாங்க. பழைய ரவுடிங்க க்ரே பிரதர்ஸ் உக்காந்து டீ குடிச்ச கடைன்னும் பேரு. இடம் ரொம்பச் சின்னது, முகம் தெரியாத ஆளோட மேஜையப் பங்கு போட்டுத்தான் உக்காரணும், அவங்களே பேச்சுக் குடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. சனிக்கிழமை காலைல போகாதீங்க, வரிசை ரோட்டுல நிக்கும், செவ்வாய் புதன் போங்க.

அப்புறம் பச்சைக் குடிசைங்க. லண்டன் ரோட்டோரத்துல பச்சை பெயிண்ட் அடிச்ச மரக்குடிசை பாத்திருப்பீங்க, 1875ல டாக்ஸிக்காரங்களுக்காக ஆரம்பிச்சது, அப்ப டாக்ஸின்னா குதிரை வண்டி. வண்டியத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம், அதனால மழைல நனையாம, பப்புக்குள்ள போய்க் குடிக்காம, சூடா சாப்பிட ஒரு இடம்னு தர்மக் காசுல கட்டுனாங்க. பொது ரோட்டுல நிக்கிறதால குதிரையும் வண்டியும் சேந்த அளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு போலீஸ் விதி. 61 கட்டுனதுல இப்ப 13தான் பாக்கி. உள்ள உக்கார டாக்ஸி டிரைவருக்குத்தான் உரிமை, ஆனா ஜன்னல் வழியா நமக்கும் டீயும் பேக்கன் ரோலும் குடுப்பாங்க. ரஸ்ஸல் ஸ்கொயர்ல ஒண்ணு இருக்கு, பிரிட்டிஷ் மியூசியத்துலேந்து நடந்தே போயிடலாம்.

கேள்வி: பிரிட்டிஷ் சாப்பாடுன்னு சொல்றீங்க, கடைப் பேரெல்லாம் இத்தாலிப் பேரா இருக்கே?

ஆமா, அதான் இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சங்கதி. பஞ்சம் பொழைக்க இத்தாலிக் கிராமங்கள்லேந்து வந்தவங்க ஐஸ்கிரீம் வித்து, காபி வித்து, அப்புறம் இந்த ஊர்த் தொழிலாளி என்ன கேக்குறானோ அதையே சமைச்சுப் போட ஆரம்பிச்சாங்க. வேல்ஸ் சுரங்க ஊருங்கள்ல கேஃப் வச்சவங்கள்ல நெறைய பேரு பார்தின்னு ஒரே மலை ஊரச் சேந்தவங்க. நம்ம ஊர்ல கேரளாக்காரர் டீக்கடை இல்லாத ஊரே இல்லன்னு சொல்வோம்ல, அந்த மாதிரி.

1940 ஜூன்ல இத்தாலி போர்ல குதிச்சதும் இவங்களே எதிரி ஆயிட்டாங்க. கடைக் கண்ணாடிய உடைச்சாங்க, முந்தின நாள் வரைக்கும் டீ ஆத்திக் குடுத்த ஆம்பளைங்கள போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. அவங்கள்ல பல பேர கனடாவுக்கு அனுப்புன அரண்டோரா ஸ்டார்ங்குற கப்பல ஜூலை 2ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சு மூழ்கடிச்சுது, செத்தது 800 பேருக்கு மேல, அதுல 400க்கு மேல இத்தாலிக்காரங்க. மிஞ்சுனவங்க போர் முடிஞ்சு திரும்பி வந்து அதே கடைய அதே தெருவுல தொறந்தாங்க. பெரிய மனசுங்களா, வேற வழி இல்லையான்னு எனக்குத் தெரியல, ரெண்டும் இருக்கும்.

அதே போர்ல அரசாங்கமே மலிவுச் சாப்பாட்டுக் கடை நடத்துச்சு, "பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்"னு சர்ச்சில் வச்ச பேரு, ஒன்பது பென்ஸ் ரேஞ்சுல முழுச் சாப்பாடு. அம்மா உணவகம் ஞாபகம் வருதா? ரேஷன் முழுசா தீந்தது 1954 ஜூலைலதான், அதுக்கப்புறம் முட்டையும் பேக்கனும் தட்டு நெறய வச்சு விக்கிறது எவ்வளவு பெரிய சந்தோஷமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, கேஃப்புக்கு அப்பதான் பொற்காலம்.

கேள்வி: லண்டனுக்கு வெளிய போனா?

பேரு மாறும், ஐட்டம் மாறும். ஸ்காட்லாந்துல சதுரமா ஒரு சாஸேஜ், உருளைல செஞ்ச டாட்டி ஸ்கோன். வட அயர்லாந்துல சோடா ரொட்டியும் உருளை ரொட்டியும் பொரிச்சு வைப்பாங்க, என் ஓட்டு அதுக்குத்தான். வேல்ஸ்ல கடல்பாசிய வேகவச்சு அரைச்ச லேவர் பிரெட், பேருதான் பிரெட். மத்திய இங்கிலாந்துல ஸ்டோக் ஊர்ப் பக்கம் ஓட்ஸ் மாவுல தோசை மாதிரியே ஊத்தி உள்ள சீஸும் பேக்கனும் வச்சு மடிச்சுத் தருவாங்க, போனா விட்றாதீங்க. பன்னுக்கு மட்டும் ஊருக்கு ஊரு பேரு: பாப், பார்ம், காப், பேட்ச். தெரியலன்னா கைய நீட்டிக் காட்டுங்க.

கேள்வி: கல்லாவுல இருக்குற அம்மா என்ன "லவ்", "டார்லிங்"னு கூப்பிடுறாங்க. என்ன அர்த்தம்?

ஒரு அர்த்தமும் இல்ல தம்பி. நம்ம ஊர்ல பூக்கார அம்மா "கண்ணு, ராசா"ங்குற மாதிரி. எண்பது வயசுத் தாத்தாவையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

கேள்வி: உடம்புக்கு நல்லதா?

இல்ல. வாரத்துக்கு ஒரு நாள் போங்க, போயிட்டு நடங்க.

கேள்வி: கேஃப்பெல்லாம் மூடிக்கிட்டே வருதாமே?

வருது. வாடகை, கரண்ட் கேஸ் பில்லு, பக்கத்துலயே செயின் கடைக்காரன் மலிவா பிரேக்ஃபாஸ்ட் போடுறது, இதுக்கு மேல புள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போயிடுறாங்க, காலைல நாலரைக்கு எழுந்து பேக்கன் வறுக்க யாரு வருவா. பிக்காடில்லி பக்கம் 1951லேந்து இருந்த நியூ பிக்காடில்லி கஃபே 2007ல மூடுனப்ப வாசல்ல அழுதவங்க உண்டு. ஆனா இன்னொரு பக்கம், மூடுற கடைய துருக்கிக் குடும்பமோ தாய்லாந்துக் குடும்பமோ எடுத்து, காலைல ஃபுல் இங்கிலிஷ், மதியம் தாய் கறின்னு ஓட்டுறாங்க. எங்க ஏரியால ஒரு கேஃப்ப நம்ம யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் நடத்துறாரு, மெனுவுல ஒரு எழுத்து மாத்தல, ஆனா தெரிஞ்ச முகம்னா கல்லாவுக்குக் கீழேந்து ஒரு டப்பால கட்டைச் சம்பல், அவங்க ஊர்க் காரமான மிளகாத் துவையல், எடுத்துத் தருவாரு.

கேள்வி: நீங்க போனா என்ன ஆர்டர்?

ரெண்டு முட்டை, பபிள், பிளாக் புட்டிங், தக்காளி, ரெண்டு டோஸ்ட், டீ ஸ்ட்ராங்கா. பீன்ஸ் கிடையாது. அந்தச் சம்பல பபிள் ஓரத்துல வச்சு சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்லுங்க.